ஆணோ பெண்ணோ: அமைவது எவ்வாறு?

மூன்றாவது மகவும் பெண்ணாகப் பிறந்துவிட்டால், வீட்டிலே குற்றவாளியாக நிறுத்தப்படுபவள் தாய். "ஆண்பிள்ளை பெறக் கொடுத்துவைக்காதவள்" என்ற சுடுசொல் அவள் செவியில் விழுகின்றது. இவ்வழக்கிலே விஞ்ஞானம் கூறும் தீர்ப்பு யாது?

நம் உடற்கலங்களிலே நிறமூர்த்தங்கள் எனப்படும் நுண்ணிய இழைகள் உள. பெற்றோரின் இயல்புகளைப் பிள்ளைகளிடம் சேர்ப்பவை இவையே. இவற்றின் தொகை 46 என்பது 1956ஆம் ஆண்டிலே சுவீடன் நாட்டில் நடந்த ஆராய்ச்சியால் தெளிவாயிற்று. இவை 23 சோடிகளாக அமைந்துள்ளன. 22 சோடிகள் இருபாலாருக்கும் பொதுவானவை. எஞ்சிய ஒரு சோடியிலேதான் வேறுபாடு உண்டு. பெண்ணிடம் பொதுவாக எக்ஸ் நிறமூர்த்தங்கள் இரண்டு உள. ஆணிடமோ எக்ஸ் ஒன்றும், உருவிற் சிறிய வை ஒன்றும் உள.

முட்டையும் விந்தும் உருவாகும்போது சோடிகள் பிரிந்து, ஒவ்வொரு சோடியிலிருந்தும் ஒன்றே செல்கின்றது. ஆதலின் தாயின் முட்டைகள் யாவும் எக்ஸையே தாங்குவன. தந்தையின் விந்துக்களிலோ ஏறக்குறையப் பாதி எக்ஸையும் பாதி வையையும் தாங்குவன. எக்ஸ் விந்து சேர்ந்தால் பெண். வை விந்து சேர்ந்தால் ஆண்.

இவ்வுண்மைக்கு வழிகாட்டியவர் நெற்றி ஸ்டீவன்ஸ் என்னும் அமெரிக்கப் பெண்மணியாவார். மாவிலே வாழும் ஒருவகை வண்டை அவர் ஆராய்ந்தார். பெண்வண்டின் கலத்திலே பெரிய நிறமூர்த்தங்கள் 20 இருந்தன. ஆண்வண்டிலோ பெரியவை 19உம், சிறியது ஒன்றும் இருந்தன. இதனை அவர் 1905இல் வெளியிட்டார்.

1990ஆம் ஆண்டிலே, கருவை ஆணாக வளரத் தூண்டும் பரம்பரையலகு வை நிறமூர்த்தத்திலே கண்டறியப்பட்டது. மறு ஆண்டிலே, பெண்ணாக வளரவேண்டிய சுண்டெலிக் கருவிலே அவ்வலகு புகுத்தப்பட்டபோது, அது ஆணாகவே வளர்ந்தது.

அவ்வாறாயின் பழியைத் தந்தைமேற் சுமத்தலாமா? அதுவும் தகாது. எவ்விந்து முந்தும் என்பது எவர் விருப்பத்துக்கும் உட்பட்டதன்று. முன்பிறந்தவர் மூவரும் பெண்களாயினும், நான்காவது மகவு ஆணாகும் வாய்ப்பு ஏறக்குறையப் பாதியே.

மகனில்லையேல் குலம் அற்றுப்போகும் என்பாரும் உளர். மகனைப் போலவே மகளும் தந்தையிடமிருந்து 23 நிறமூர்த்தங்களைப் பெறுகின்றாள். வை சிறியது, எக்ஸ் பெரியது. ஆதலின் தந்தையின் பரம்பரைப் பொருள் மகளிடத்தே சற்று மிகுதியாகவே உளது. இதனை அறிந்தபின், தொட்டிலருகே நிற்கும் தாயை நோக்கிக் கடுஞ்சொல் கூற எவருக்கு நா எழும்?