காட்டில் ஓடும் முன் கம்ப்யூட்டரில் ஓடுங்கள்!

வேப்பூரைச் சுற்றிச் சமவெளிதான். மலைப் பாதையில் ஓட விரும்புபவர்களுக்கு வடமேற்கே கல்வராயன் மலை இருக்கிறது. அங்குள்ள ஏற்ற இறக்கத்தை வீட்டிலிருந்தே பார்த்துவிடலாம்.

இலவசமாகக் கிடைக்கும் கூகுள் எர்த் புரோவைத் திறந்து மலையைத் தேடுங்கள். ‘ஆட் பாத்’ ஐகானை அழுத்தி, பாதை நெடுக மௌஸால் கிளிக் செய்து, தொடங்கிய இடத்திலேயே முடியுங்கள். பெயர் கொடுத்து ஓகே செய்யுங்கள். இடது பக்கம் அப்பெயரில் ரைட் கிளிக் செய்து ‘ஷோ எலிவேஷன் புரொஃபைல்’ தேர்ந்தெடுத்தால், தூரமும் உயரமும் வரைபடமாகத் தெரியும்.

சிக்னல் இல்லாத காட்டிலும் செல்போனின் ஜிபிஎஸ் வேலை செய்யும். மேப்பை மட்டும் முன்பே டவுன்லோடு செய்துகொள்ளுங்கள்.

ஆனால் காட்டுத் தீயை இந்தப் படம் காட்டாது. 2018 மார்ச்சில் குரங்கணியில் மலையேறச் சென்ற இருபதுக்கும் மேற்பட்டோர் தீயில் சிக்கி இறந்தார்கள். எனவே வனத்துறையின் அனுமதி பெற்ற பிறகே ஷூவை மாட்டுங்கள்.