சுவாசப்பையின் காவலும் அமைதியும்



விரலிற் சிறு முள் தைத்தாலே அவ்விடம் சிவந்து வீங்கிவிடுகின்றது. அவ்வாறாயின், ஒவ்வொரு மூச்சோடும் தூசியையும் நுண்ணுயிர்களையும் ஏற்கும் சுவாசப்பை ஓயாது அழற்சியுறாமல் இருப்பது எங்ஙனம்?

சுவாசப்பையின் காற்றுச் சிற்றறைகளின் உட்புறத்தே மிக மெல்லிய நெய்ப்படலம் ஒன்று படர்ந்துள்ளது. அதிற் பத்தில் ஒன்பது பங்களவு இலிப்பிட்டு எனப்படும் கொழுப்புப் பொருள், எஞ்சியது புரதம். நீரின் பரப்பிழுவிசையைக் குறைத்து, மூச்சு வெளியேறும்போது சிற்றறைகள் ஒடுங்கிவிடாமற் காப்பது இப்படலத்தின் முதற்பணி. குறைமாதத்திற் பிறந்து மூச்சுத்திணறி இறந்த குழந்தைகளிடம் இப்பொருள் குறைந்திருந்ததை 1959ஆம் ஆண்டில் மேரி எலன் ஏவரி, ஜெரி மீட் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் எடுத்துக்காட்டினர். 1980ஆம் ஆண்டில் யப்பானிய வைத்தியர் புஜிவாராவும் அவருடைய குழுவினரும் பசுவின் சுவாசப்பையிலிருந்து ஆக்கிய இப்பொருளைப் பத்துக் குழந்தைகளுக்குச் செலுத்தி நற்பயன் கண்டனர்.

இப்படலத்திற்கு இரண்டாம் பணியும் உண்டு. சிற்றறைகளில் நுண்ணுயிர்களை விழுங்கும் காவற்கலங்கள் உலாவுகின்றன. சிலவகைப் பற்றீரியாக்களின் வெளிச்சுவரில் உள்ள நச்சுப்பொருளைச் சில புரதங்கள் ஏந்தி, அக்கலங்களின் வாங்கிகளிடம் ஒப்படைக்கின்றன. உடனே கலத்தினுட் சமிக்ஞை எழுகின்றது. அழற்சியூட்டும் பொருள்கள் சுரக்கின்றன. படலத்திலுள்ள பொசுபற்றிடைல்கிளிசரோல் என்னும் இலிப்பிட்டு அப்புரதங்களைத் தானே பற்றிக்கொள்வதை, அமெரிக்காவின் டென்வர் நகர ஆய்வாளர் 2009ஆம் ஆண்டில் வெளியிட்டனர். நச்சு பற்றுவதற்கு இடமில்லாதபோது சமிக்ஞையும் தணிகின்றது. ஆய்வுகூடத்தில் வளர்க்கப்பட்ட கலங்களிற் கண்ட முடிவு இது.

சருகு அசையுந்தோறும் காவலன் பறையறைந்தால் ஊரார் உறங்குதல் இயலாது. சுவாசப்பைக் காவலனை அடக்கி வைப்பது இந்த நெய்ப்படலமே.

கடும் அழற்சியின்போதோ குருதியின் நீர்ப்பகுதி சிற்றறைகளிற் கசிந்து படலத்தைப் பழுதாக்குகின்றது. மேற்கூறிய இலிப்பிட்டும் குறைகின்றது. தணிக்கும் பொருள் குறையவே அழற்சி மேலும் மூளுகின்றது. ஆயினும், அந்நிலையிலுள்ள வளர்ந்தோருக்கு இப்பொருளைச் செலுத்திய பெரும் பரிசோதனைகளில் இறப்புக் குறையவில்லை. குழந்தைகளிடம் பிறவியிலேயே போதாதிருந்த ஒன்றை மருந்து நிரப்பியது. வளர்ந்தோரிடமோ செலுத்தியதையும் அழற்சி பழுதாக்கிவிடுகின்றது. ஆதலின், தணிக்கும் இலிப்பிட்டைத் தனியே பிரித்து மருந்தாக்கும் வழியை ஆய்வாளர் நாடுகின்றனர்.

புகைபிடிப்போரிடம் இப்படலப்பொருள் குறைந்திருப்பது 1972ஆம் ஆண்டிலேயே அறியப்பட்டது. உடலே ஆக்கித்தரும் இக்காப்பினை நாமே கெடுத்துக்கொள்ளாதிருத்தல் நம் கையில் உள்ளது.