குளிர்சாதனத்தில் ‘காஸ்’ தீருமா?

2023-ஆம் ஆண்டு மே மாதம், கத்திரி வெயில் கொளுத்திக்கொண்டிருந்த ஒரு பிற்பகலில், நம் பங்கைச் சேர்ந்த முதிய தம்பதியரின் இல்லத்துக்குச் சென்றிருந்தோம். பெரியவர் இதய நோயாளி. மருத்துவரின் யோசனைப்படி பிள்ளைகள் அவருடைய அறையில் குளிர்சாதனம் பொருத்திக் கொடுத்திருந்தனர். கருவி ஓடிக்கொண்டுதான் இருந்தது. அறையோ வெளித் திண்ணையைவிடப் புழுங்கியது. “காஸ் தீர்ந்துபோச்சாம் சாமி. போன வருஷமும் ரொப்பினோம், அதுக்கு முந்தின வருஷமும் ரொப்பினோம்” என்றார் அம்மையார். ஓய்வூதியத்தில் நாட்களை ஓட்டும் குடும்பம் அது.

விளக்கில் எண்ணெய் குறைவதுபோலக் குளிர்சாதனத்திலும் காஸ் குறைந்துகொண்டே வரும் என்று நம்மில் பலர் எண்ணுகின்றோம். அப்படியன்று. அந்த வாயு செலவாகும் பொருளன்று. மூடிய செப்புக் குழாய்களுக்குள் சுற்றிச் சுற்றி வரும் பொருள். அறைக்குள் இருக்கும் குழாய்ச் சுருளில் அது திரவ நிலையிலிருந்து ஆவியாகும்போது அறையின் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது. கம்ப்ரஸர் அதனை அழுத்தி வெளியே தள்ள, அங்கே வெப்பத்தை விட்டுவிட்டு மீண்டும் திரவமாகித் திரும்புகிறது. ஆகவே காஸ் குறைந்திருக்கிறது என்றால் எங்கோ கசிவு இருக்கிறது என்பதே பொருள். கசிவை அடைக்காமல் காஸ் ரொப்புவது ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பதாகும்.

அறை குளிரவில்லை என்றவுடன் காஸையே சந்தேகிப்பதும் சரியன்று. பெரும்பாலும் குற்றவாளி தூசிதான். உட்பகுதியின் மூடியைத் தூக்கினால் மெல்லிய வலைபோன்ற ‘பில்டர்’ தெரியும். அதில் தூசி படிந்து காற்று தடைப்பட்டால் உள்ளே குழாய்ச் சுருளின் மேல் பனிக்கட்டி படர்ந்துவிடும், குளிர் வராது, பனி உருகுங்கால் சுவரில் நீர் வடியும். பலர் இதனைக் கண்டும் ‘காஸ் குறைவு’ என்று முடிவுகட்டிவிடுகின்றனர். பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை, மண் சாலையோர வீடாயின் வாரம் ஒருமுறை, சுவிட்சை அணைத்துவிட்டு வலையைக் கழற்றிக் குழாய் நீரில் அலசி, நிழலில் நன்கு உலர்த்தி மாட்டினால் போதும். அழுக்கடைந்த வலையை மாற்றித் தூய வலை இடுவதால் மின்செலவு 5 முதல் 15 விழுக்காடு வரை குறையலாம் என்று அமெரிக்க எரிசக்தித் துறை கூறுகிறது.

நீர் வடியும் குழாயையும் மறத்தலாகாது. குளிர்சாதனம் வெப்பத்தோடு ஈரத்தையும் அகற்றுகிறது. 1902-ஆம் ஆண்டில் வில்லிஸ் காரியர் என்னும் இளம் பொறியாளர் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் ஓர் அச்சகத்துக்கு இக்கருவியை வகுத்ததே, காற்றின் ஈரத்தால் காகிதம் விரிந்து சுருங்காமல் காப்பதற்காகத்தான். மனிதரின் சுகம் பின்னர் வந்தது! அவ்வீரம் நீராகி வெளியேறும் குழாயில் பாசி அடைத்துக்கொண்டால் நீர் அறைக்குள்ளேயே சொட்டும்.

வெளிப்பகுதிக்குக் காற்றோட்டம் உயிர் போன்றது. சில வீடுகளில் அதன்மேல் துணி உலர்த்துவதையும், பழைய சாமான்களை முட்டுக்கொடுத்து அடுக்கியிருப்பதையும் காண்கிறோம். வெப்பம் போக வழியின்றிக் கம்ப்ரஸர் திணறும். கடற்கரை ஊர்களில் உப்புக் காற்று அலுமினியத் தகடுகளை அரித்துவிடும். ஆகவே சுத்தம் செய்யும்போது நல்ல நீரை மெதுவாக ஊற்றி உப்பைக் கழுவச் சொல்லுங்கள். வேகமாகப் பீய்ச்சினால் தகடுகள் மடங்கிவிடும். எறும்பும் பல்லியும் உள்ளே புகுந்து மின்பலகையைக் கெடுப்பதும் உண்டு.

16 டிகிரியில் வைத்துப் போர்வை போர்த்திக்கொள்வோரும் உளர். கம்ப்ரஸர் ஓய்வின்றி ஓடித் தேயும். 2020 ஜனவரி முதல் நம் நாட்டில், நட்சத்திர முத்திரை பெறும் அறைக் குளிர்சாதனங்கள் இயக்கியவுடன் 24 டிகிரியில் நிற்கும்படி அமைக்கப்படுவது அரசின் விதி. மின்விசிறியும் மெல்லச் சுழன்றால் அதுவே போதுமானது.

இவற்றுக்கு மேற்பட்டதை வீட்டார் செய்ய முயலலாகாது. இன்றைய கருவிகள் பலவற்றில் உள்ள ஆர்-32 என்னும் வாயு தீப்பற்றக்கூடியது. மெக்கானிக்கை மாசி மாதமே அழைத்துவிடுங்கள்; சித்திரையில் அவர் கிடைப்பது அரிது, கிடைத்தாலும் அவசர வேலைதான் நடக்கும். காஸ் ரொப்ப வேண்டும் என்று அவர் சொன்னால், “கசிவு எங்கே?” என்று தயங்காமல் கேளுங்கள். எத்தனை கிராம் காஸ் வேண்டும் என்பது வெளிப்பகுதியில் ஒட்டிய சீட்டில் அச்சிடப்பட்டிருக்கும். எடை பார்த்து நிரப்பச் சொல்லுங்கள்.

அந்தப் பெரியவரின் வீட்டில் நாம் முதலில் வலையைத்தான் கழற்றிப் பார்த்தோம். கண்ணாடிபோல் சுத்தமாக இருந்தது, அம்மையாரின் கைவண்ணம். ஆகவே, குளிர்சாதன வேலை பயின்ற நம் பங்கு இளைஞர் ஒருவரை அழைத்து வந்தோம். சோப்பு நுரையைக் குழாய் இணைப்புகளில் அவர் தடவ, வெளிப்பகுதியின் ஒரு திருகுமரை அருகே சிறு குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. இரண்டு ஆண்டுகளாகப் பணம் போன வழி அதுவே. குழாயின் முனையை வெட்டிப் புதிதாக விரித்துப் பொருத்தி, எடை பார்த்துக் காஸை நிரப்பினார். அதன்பின் வந்த இரு கோடைகளிலும் அவ்வீட்டார் காஸுக்கென்று ஒரு காசும் செலவிடவில்லை.