உங்களுக்குத் தெரியுமா? ராயபுரத்தில் தாயின் பங்கு வீட்டுக்கு வீடு மாறும்!

ராயபுரம் அரத்தூன் சாலையில் 1910-இல் கட்டப்பட்ட பார்சிக் கோயில் இருக்கிறது. சுற்றுவட்டாரத்தில் இந்து, கிறிஸ்தவ, முஸ்லிம் குடும்பங்கள். சொந்தச் சம்பாத்தியத்தில் வீடு வாங்கிய ஒருவர் உயில் எழுதாமல் இறந்துவிட்டார், அப்பா, அம்மா, மனைவி, ஒரு மகன், ஒரு மகள் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம்.

இந்து என்றால் 1956 வாரிசுரிமைச் சட்டப்படி அம்மா, மனைவி, மகன், மகள் நால்வருக்கும் கால் பங்கு. அப்பாவுக்கு ஒன்றுமில்லை. முஸ்லிம் என்றால் அம்மா, அப்பா ஆளுக்கு ஆறில் ஒன்று, மனைவிக்கு எட்டில் ஒன்று. மீதியில் மகளைப்போல் மகனுக்கு இரு மடங்கு.

கிறிஸ்தவருக்கு 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம். மனைவிக்கு மூன்றில் ஒன்று, மீதியைப் பிள்ளைகள் சரிசமமாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். பெற்ற தாய்க்குக் காலணாகூடக் கிடையாது! இத்தனைக்கும், அதே சட்டம் பார்சிகளுக்குத் தனி அத்தியாயமே வைத்து, ஒரு பிள்ளையின் பங்கில் பாதியைத் தாய்க்கும் இன்னொரு பாதி அளவைத் தந்தைக்கும் தருகிறது. (பெரிதாக மெச்சிவிட வேண்டாம்: தந்தை சொத்தில் பார்சி மகளுக்கு மகனுக்குச் சமமான பங்கு வந்ததே 1991 திருத்தத்தில்தான்.)

பிள்ளைகள் உள்ள கிறிஸ்தவர், தாய்க்கும் பங்கு சேர வேண்டும் என்று நினைத்தால் உயில் எழுதியே ஆக வேண்டும். வெள்ளைத் தாள் போதும், பதிவு கட்டாயமில்லை. இரண்டு சாட்சிகள் கையெழுத்திட வேண்டும். அம்மாவையே சாட்சியாக்கிவிடாதீர்கள், அவருக்கு எழுதிய பங்கு செல்லாமல் போய்விடும்.