அம்மாவின் பெயரிலும் ஓர் ஓ.பி. சீட்டு

மூன்று, நான்கு வயதில் அந்தப் பையன்களின் கெண்டைக்கால் நன்றாகத் திரண்டிருக்கும். தாத்தா பாட்டிக்குப் பெருமை தாங்காது. ‘காலு எவ்வளவு கெட்டியா இருக்கு பாரு’ என்பார்கள். ஆனால் அவன் மற்ற பிள்ளைகளைப் போல் ஓடமாட்டான். மாடிப்படி ஏறக் கைப்பிடியைத் தேடுவான். தரையில் உட்கார்ந்தவன் எழுந்திருக்க வேண்டுமென்றால், முதலில் தரையிலும், பிறகு முழங்காலிலும், பிறகு தொடையிலும் கையை ஊன்றி, தன் உடம்பின் மேல் தானே ஏறுகிறவனைப் போல எழுவான். இப்படி எழுவதை லண்டன் நரம்பியல் மருத்துவர் வில்லியம் கவர்ஸ் 1879-இல் விவரித்தார். நோய்க்குப் பெயரோ அவருக்குச் சில ஆண்டுகள் முன்பே அதை ஆராய்ந்த பிரெஞ்சு மருத்துவர் டுஷென்னுடையது. டுஷென் தசைச் சிதைவு நோய். திரண்டு தெரிகிற கெண்டைக்காலில் இருப்பது பலமல்ல. சிதைந்துபோன தசையின் இடத்தில் படிந்த கொழுப்பும் நாரும்.

ஏறத்தாழ 5,000 ஆண் குழந்தைகளில் ஒருவருக்கு இது வருகிறது. ஆனால் உடனே கண்டுபிடிக்கப்படுவதில்லை. ரத்தப் பரிசோதனையில் எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. அளவுகள் ஏறியிருக்கும், ஈரலில் கோளாறு என்று நினைத்துவிடுவார்கள். கீழாநெல்லி அரைத்துக் கொடுத்து, பத்தியம் இருந்து மாதங்கள் போகும். அந்த நொதிகள் சிதைகிற தசையிலிருந்தும் வரும் என்பது நினைவுக்கு வந்த ஒரு மருத்துவர், தசை நொதியை அளக்கும் சி.பி.கே. பரிசோதனை எழுதிக் கொடுக்கும்போதுதான் விஷயம் பிடிபடும். இயல்பான அளவைப் போல பல பத்து மடங்கு ஏறியிருக்கும். அதற்குப் பிறகு மரபணுப் பரிசோதனை.

அந்த முடிவு வாசிக்கப்படும் அறையைப் பற்றித்தான் முக்கியமாகப் பேச வேண்டும் என்று நினைக்கிறேன். அம்மா, அப்பா, மாமியார், சில நேரம் கொழுந்தனார் எல்லோரும் நிற்கிறார்கள். வெளியே நீண்ட வரிசை. மருத்துவர் அவசரமாகச் சொல்கிறார்: ‘இது அம்மா வழியா வர்ற நோய்.’ அறிவியலில் பிழை சொல்ல முடியாது. நோய்க்குக் காரணமான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆண் குழந்தைக்கு எக்ஸ் தாயிடமிருந்து மட்டுமே வருகிறது. ஆனால் வீட்டுக்குப் போகும் வழியிலேயே அந்த வாக்கியம் தீர்ப்பாகிவிடுகிறது. ‘உங்க வம்சத்துலதான் இருந்திருக்கு.’ அதற்குப் பிறகு அவள் எந்தக் கல்யாண வீட்டிலும் முன்வரிசையில் உட்காரமாட்டாள்.

அதே மூச்சில் சொல்லியிருக்க வேண்டிய இன்னொரு செய்தி உண்டு. இந்த மரபணு மனித உடலின் மிகப் பெரிய மரபணுக்களில் ஒன்று. சுமார் 22 லட்சம் எழுத்துகள் நீளம். பாஸ்டனில் லூயிஸ் குங்கெலின் குழு 1980-களின் இறுதியில் அதைக் கண்டறிந்து, அது உருவாக்கும் புரதத்துக்கு டிஸ்ட்ரோபின் என்று பெயரிட்டது. இவ்வளவு நீளமானதைப் பிரதியெடுக்கும்போது புதிதாகப் பிழை விழுவது சகஜம். அதனால் மூன்றில் ஒரு பங்குக் குழந்தைகளுக்குப் பிழை தாயின் பரம்பரையில் இல்லவே இல்லை; புதிதாக நேர்ந்தது. மற்ற தாய்மாரும் அறிந்து சுமந்தவர்கள் அல்ல. பழுதான மரபணு ஒன்றுகூட இல்லாத மனிதர் உலகில் கிடையாது. மாமியாரும் அதில் சேர்த்தி. பரிசோதனை முடிவை முதலில் கணவன் மனைவி இருவரையும் தனியே உட்காரவைத்துச் சொல்ல வேண்டும். பிறகு தன் வீட்டாரிடம் அதை எடுத்துச் சொல்லும் பொறுப்பு கணவனுடையது. ‘இனிமே இந்தப் பேச்சே வேண்டாம்மா’ என்று மகன் சொன்ன வீட்டில் ஒரு பெண் மூச்சு விடுகிறாள். சொல்லாத வீட்டில் அவள் நோயாளிக்குப் பணிவிடை செய்யும் குற்றவாளியாகவே பல வருஷம் வாழ்கிறாள்.

நோய் தாமதமாகத் தெரிவதில் இன்னொரு கொடுமை இருக்கிறது. மூத்தவனுக்கு ஐந்தாறு வயதில் பெயர் தெரியும்போது இளையவன் ஏற்கெனவே தொட்டிலில் இருப்பான். தாய் அந்த மரபணுப் பிழையைச் சுமக்கும் நோய்க்கடத்தியாக இருந்தால் ஒவ்வொரு மகனுக்கும் நோய் வரும் வாய்ப்பு சரிபாதி. முன்பே தெரிந்திருந்தால் கருவிலேயே பரிசோதித்திருக்கலாம். பெண் சிசுவைக் காக்க வந்த 1994-ஆம் ஆண்டுச் சட்டமே மரபணு நோய்க்கான பரிசோதனையை அனுமதிக்கிறது. இரண்டு மகன்களுக்கும் நோய் இருக்கும் வீட்டில் இளையவன் தினமும் அண்ணனைப் பார்க்கிறான். அண்ணன் நடை தளர்ந்தது, சக்கர நாற்காலிக்குப் போனது, கையைத் தூக்கித் தலைசீவ முடியாமல் போனது எல்லாமே அவனுக்கு முன்கூட்டியே காட்டப்படுகிற தன் வாழ்க்கை. அவன் கேள்வி கேட்கமாட்டான். கேட்காத பிள்ளையை ‘சமத்து’ என்று வீடு மெச்சிக்கொள்ளும்.

அவர்களுக்கு ஓர் அக்காவோ தங்கையோ இருந்தால் அவளும் நோய்க்கடத்தியாக இருக்கலாம். அம்மாவுடன் பிறந்த சித்தி, பெரியம்மாவும் அப்படியே. இதை அவர்களிடம் சொன்னால் பெண்ணின் கல்யாணம் நின்றுவிடும் என்ற பயத்தில் குடும்பம் வாயை மூடிக்கொள்கிறது. சொல்லாமல் விட்டால் அடுத்த தலைமுறையில் இன்னொரு வீடு இதே அறையில் வந்து நிற்கும். இந்தச் சுமையைத் தாய் தனியாகத் தூக்குகிறாள்.

பகலைக் காட்டிலும் இரவு கொடியது. பெரும்பாலான பையன்கள் பத்துப் பன்னிரண்டு வயதுக்குள் நடையை இழக்கிறார்கள். கைகளிலும் பலம் குறைந்த பிறகு படுக்கையில் தானாகப் புரண்டு படுக்க முடியாது. ஒரே பக்கமாகக் கிடந்தால் இடுப்பு வலிக்கும், காது மடல் மடங்கி எரியும். ‘அம்மா, திருப்பி விடு.’ கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும். வளர்ந்த பையனைத் தூக்கித் திருப்பிய முதுகு ஒரு பக்கம்; வருஷக்கணக்கில் ஒருநாள்கூட முழுசாகத் தூங்காத மூளை மறுபக்கம். இப்படித் தூக்கம் கெட்ட எவருக்கும் மனச்சோர்வு வரும். அதற்குக் கோழைத்தனமோ பக்திக் குறைவோ காரணமல்ல. அவள் ஆஸ்பத்திரியில் ‘மனசு சரியில்லை’ என்று சொல்லவும் மாட்டாள். உடம்பெல்லாம் வலி, தலை பாரம், எதிலும் பிடிப்பில்லை என்பாள். வலி மாத்திரையும் சத்து மாத்திரையும் வாங்கிக்கொண்டு திரும்புவாள்.

சுற்றத்தார் ‘மனசைத் தேத்திக்கோ’ என்கிறார்கள். 1962-இல் சைமன் ஓல்ஷான்ஸ்கி என்ற அமெரிக்கர், வளர்ச்சிக் குறைபாடுள்ள குழந்தைகளின் பெற்றோரைப் பற்றி எழுதிய கட்டுரை இந்த அறிவுரையை அடியோடு மறுக்கிறது. இந்தத் துக்கம் ஒருமுறை அழுது தீர்ந்துபோவதல்ல, வாழ்நாள் முழுக்கத் தொடர்வது, இயல்பானது, ‘ஏற்றுக்கொள்’ என்று பெற்றோரை நெருக்குவதுதான் தவறு என்றார் அவர். டுஷென் வீட்டில் அது ஒவ்வொரு படியிலும் புதிதாக வருகிறது. பள்ளியில் வகுப்பறை மாடிக்குப் போகும் ஜூன் மாதத்தில், சக்கர நாற்காலி வாங்கும் நாளில், ராத்திரி மூச்சுக்குக் கருவி மாட்டும் நாளில். முன்பு அழுதது இப்போதைக்கு ஈடாகாது.

அப்பாக்கள் அழுவதை யாரும் பார்ப்பதில்லை. கூடுதல் ஷிப்ட், வட்டிக்கடன், சில வீடுகளில் குடி. அவர்களிடம் பையனைப் பற்றித்தான் எல்லோரும் விசாரிக்கிறார்கள்.

பையன்களின் மனதையும் கவனிக்க வேண்டும். டிஸ்ட்ரோபின் மூளையிலும் வேலை செய்கிற புரதம். அதனால் இவர்களில் கணிசமானோருக்குக் கவனக்குறைவு, படிப்பில் தடுமாற்றம், ஆட்டிசத் தன்மைகள் உண்டு. ஸ்டீராய்டு மாத்திரை தசையைக் கொஞ்ச காலம் காக்கும். கூடவே எடையையும் எரிச்சலையும் கூட்டும். பள்ளியில் இதற்கு வைக்கும் பெயர் சோம்பேறித்தனம், திமிர், வளர்ப்புச் சரியில்லை. பதின்வயதில் அவன் செல்போனில் தன் நோயைத் தேடி எல்லாவற்றையும் படித்திருப்பான். அவனுக்குத் தெரியக்கூடாது என்று பெற்றோர் மறைக்கிறார்கள். தனக்குத் தெரியும் என்பதை அவனும் மறைக்கிறான். அவன் வயதுக்கேற்ற உண்மையை அவனிடம் பேசுவது கொடுமை இல்லை. தனியே அதைச் சுமக்க விடுவதுதான் கொடுமை.

முதுகெலும்புத் தசைநார் சிதைவு உள்ள குழந்தைகளுக்காக 2021-இல் 16 கோடி ரூபாய் ஊசி என்ற செய்தி ஊரெல்லாம் ஓடியபோது, டுஷென் குடும்பங்களும் கணக்குப் போடத் தொடங்கின. 2023-இல் அமெரிக்காவில் டுஷென்னுக்கே ஒரு மரபணு சிகிச்சை அனுமதி பெற்றது. விலை 32 லட்சம் டாலர். இந்திய அரசின் அரிய நோய்க் கொள்கை தரும் உதவி அதிகபட்சம் 50 லட்சம் ரூபாய். பிள்ளையின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பிக் கையேந்தாத தாய், தான் போதுமான அளவு போராடவில்லை என்று நினைக்கிறாள். அந்தச் சிகிச்சை நோயை முழுதாகக் குணமாக்குவதில்லை என்பதையும், 2025-இல் நடக்க இயலாத நிலையில் அதைப் பெற்ற இரண்டு பையன்கள் ஈரல் செயலிழந்து இறந்ததையும் அவளிடம் சொல்ல வேண்டும். ஸ்டீராய்டு, பிசியோதெரபி, இதயத்துக்கான மாத்திரை, இரவு மூச்சுக் கருவி ஆகியவை ஒழுங்காகக் கிடைக்கும் இடங்களில் இந்தப் பையன்கள் இருபதுகளின் இறுதியையும் தாண்டி வாழ்கிறார்கள். அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

தமிழ்நாட்டில் கைக்கு எட்டும் உதவிகள் இல்லாமல் இல்லை. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் தசைச் சிதைவு நோய் இடம்பெற்றிருக்கிறது. மாநில அரசு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்புத் தொகை தருகிறது. கோவையில் எம்.டி.சி.ஆர்.சி. மையம் டுஷென் குடும்பங்களுக்கு மரபணுப் பரிசோதனையும் ஆலோசனையும் வழங்கிவருகிறது. சேலத்தில் வானவன் மாதேவி, இயல் இசை வல்லபி சகோதரிகள், தாங்களே தசைச் சிதைவோடு வாழ்ந்துகொண்டு, ஆதவ் அறக்கட்டளையை நிறுவினார்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபி வீட்டு வாசலுக்கே வருகிறது. மனநல உதவிக்கு 14416 என்ற டெலி மனஸ் எண் 2022 முதல் இருக்கிறது, தமிழிலும் பேசலாம்.

ஆனால் இவற்றில் பெரும்பாலானவை மகனின் பெயரில் நடப்பவை. அம்மாவுக்கு உடனடித் தேவை தூக்கம். வாரத்தில் இரண்டு இரவு பயிற்சி பெற்ற ஒருவர் வந்து பையனைத் திருப்பிப் படுக்கவைக்க, அரசு ஏற்பாடு செய்ய வேண்டும். பிசியோதெரபிக்கு வீட்டுக்கு வருகிறவர் அவளிடமும் இரண்டு கேள்வி கேட்கலாம்: கடந்த இரண்டு வாரத்தில் மனசு சோர்ந்து கிடந்ததா, எதிலும் நாட்டமில்லாமல் இருந்ததா? உலகம் முழுக்க மனச்சோர்வை முதல்கட்டமாகக் கண்டறியக் கேட்கும் கேள்விகள் இவை. இரண்டு நிமிஷம் போதும்.

இன்னொன்று. நோய்க்கடத்தியான தாயின் இதயத் தசையும் வயது ஏற ஏறப் பலவீனமாகலாம். சில வருஷத்துக்கு ஒருமுறை ஈ.சி.ஜி.யும் எக்கோவும் எடுக்க வேண்டும். மகனின் இதயத்துக்கு எக்கோ எடுக்க அவள் தவறாமல் வருகிறாள். அறை வாசலில் அவன் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். அன்றைக்கே அவள் பெயரிலும் ஓர் ஓ.பி. சீட்டு போட்டு, அதே மேசையில் அவளையும் படுக்கச் சொல்லிப் பார்த்துவிடலாம்.