சேர்ந்து வந்தோம், இப்போது சேர்ந்து வர முடியாது

காமன்வெல்த் நாட்டு இளைஞர்கள் இரண்டு ஆண்டு பிரிட்டனில் தங்கி, ஊர் சுற்றிப் பார்த்து, செலவுக்கு வேலையும் செய்துகொள்ளலாம் என்று ஒரு திட்டம் 2008 வரை இருந்தது. 'ஒர்க்கிங் ஹாலிடே மேக்கர்' என்பது அதன் பெயர். நம்மூர்க்காரர்கள் அதை 'ஹாலிடே விசா' என்று சுருக்கிவிட்டார்கள். நெடுங்காலம் 17 முதல் 27 வயது வரை என்று இருந்ததை 2003 இல் 30 வரை உயர்த்தினார்கள். எந்த வேலையும் செய்யலாம் என்றும் தளர்த்தினார்கள். அப்படித் தளர்ந்த நாட்களில் வந்தவர்களில் நானும் என் வீட்டுக்காரரும் இருந்தோம்.

அந்த விதிகளில் இன்று எடுத்துப் பார்த்தாலும் வியப்பாக இருக்கும் ஒன்று உண்டு. விண்ணப்பிப்பவர் மணமாகாதவராக இருக்கவேண்டும். மணமானவர் என்றால் அவருடைய துணைக்கும் அதே தகுதிகள் இருக்கவேண்டும். இருவரும் சேர்ந்தே அந்த விடுமுறையைக் கழிக்க எண்ணியிருக்கவேண்டும். ஐந்து வயதான பிள்ளையும் இருக்கக்கூடாது. ஆக, கணவனை ஊரில் விட்டுவிட்டு மனைவியோ, மனைவியை விட்டுவிட்டுக் கணவனோ வர வழியில்லை. சட்டமே தம்பதியை ஒன்றாக விமானம் ஏற்றியது. இப்போதுள்ள விசா இதற்கு நேர் எதிர். அதற்குப் போகுமுன், சேர்ந்து வந்தவர்களின் அன்றாடம் எப்படி இருந்தது என்று கொஞ்சம் சொல்லவேண்டும். சேர்ந்திருப்பதற்கு என்ன விலை, என்ன லாபம் என்று தெரிந்தால்தான் தனியாக வருவதன் கணக்கும் புரியும்.

நாங்கள் வந்தது 2004 கடைசியில். லண்டன் ஈஸ்ட்ஹாமில் ஒரு வீட்டின் மாடியறை, வாரம் 80 பவுண்டு வாடகை. வீட்டுக்கு உடையவர் யாழ்ப்பாணத்துக்காரர். எங்கள் அறைக்கு எதிரே கோட்டயத்துப் பெண்கள் இரண்டு பேர், கீழே ஒரு குடும்பம். எல்லாருக்கும் ஒரே சமையலறை. மின்சாரத்துக்குக் கீ மீட்டர். கடையில் காசு கொடுத்துச் சாவியில் ஏற்றி வந்தால்தான் விளக்கு எரியும். மீன் பொரித்தால் புகை மணி அடித்து வீடே கூடிவிடும் என்பதால் மீன் நாள் ஞாயிறு என்று ஒரு ஒப்பந்தம்.

நான் ஊரில் நர்ஸ் படிப்பு முடித்திருந்தேன். இங்கே பதிவு இல்லாததால் முதியோர் இல்லத்தில் பராமரிப்பு உதவியாளர் வேலைதான் கிடைத்தது. வாரம் நான்கு இரவு, இரவு எட்டு முதல் காலை எட்டு வரை. அவர் ஐ.டி.ஐ. முடித்த எலக்ட்ரீஷியன். கிடைத்தது ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கும் வேலை, பகல் இரண்டு முதல் இரவு பத்து வரை. கூட்டிக் கழித்துப் பார்த்தால் வேலை நாட்களில் நாங்கள் ஒருவரை ஒருவர் விழித்த நிலையில் பார்ப்பது காலை ஒன்பதிலிருந்து பத்து வரைதான். நான் புட்டும் பயறும் தின்றுவிட்டுப் படுப்பேன். அவர் சோறு வைத்து, குழம்பு கூட்டி, என் பாத்திரத்தில் இரவுக்கானதைப் போட்டு வைத்துவிட்டுக் கிளம்புவார். ஊரில் அடுப்பங்கரைப் பக்கமே வராத மனிதர்! குளிர்பெட்டிக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தோம். 'வாடகை கொடுத்தாச்சு', 'அம்மா பேசினாங்க, கால் வலி பரவாயில்லை', 'பால் தீர்ந்தது' என்று எங்கள் இல்லற வாழ்க்கையில் பாதி அந்தத் தாளில்தான் நடந்தது.

பணக் கணக்கைச் சொன்னால்தான் விளங்கும். 2004 அக்டோபரில் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 4.85 பவுண்டு, மறு ஆண்டு 5.05 ஆயிற்று. எனக்கு வாரம் 44 மணி நேரம், அவருக்கு 40. பிடித்தம் போகுமுன் இருவருக்கும் சேர்த்து வாரம் 400 பவுண்டுக்குச் சற்று மேல். ஒரே அறை, ஒரே அடுப்பு என்பதால் வாடகையும் சாப்பாடும் ஒருவருக்குப் பாதியாகக் குறைந்தன. தனியாக வந்த பிள்ளைகள் ஒற்றை அறைக்கே வாரம் 60 கொடுத்துவிட்டு, சமைக்க நேரமில்லாமல் கடையில் வாங்கித் தின்றார்கள். எங்களுக்கு மிஞ்சியதில் ஒரு பங்கு அவர்களுக்கு மிஞ்சியிருந்தால் அதிகம். எங்கள் விமானச் செலவுக் கடன் எட்டு மாதத்தில் தீர்ந்ததற்குக் காரணம் சாமர்த்தியம் அல்ல, இரண்டு பேர் என்பதுதான்.

முதல் மாதங்களில் தலைவலி கொடுத்தது பேங்க் கணக்கு. முகவரிச் சான்று இல்லாமல் கணக்கு இல்லை. கணக்கு இல்லாமல் முகவரிச் சான்றாகக் காட்டக் காகிதமும் இல்லை. நேஷனல் இன்சூரன்ஸ் எண் வரும்வரை வரியும் கூடுதலாகப் பிடித்தார்கள். அதில் ஒரு பகுதி, நாட்டை விட்டுக் கிளம்பும்போது பி-85 படிவம் நிரப்பிக் கொடுத்ததில் திரும்பி வந்தது. வேலையை விடும்போது தரும் பி-45 தாளைத் தூக்கிப் போட்டவர்கள் பின்னால் அலைந்தார்கள்.

விடுமுறை எங்கே என்று கேட்பீர்கள். எண்ணிப் பார்த்தேன், இரண்டு ஆண்டில் 23 நாள். முன்கூட்டிப் பதிந்தால் ஒரு பவுண்டுக்குக்கூட மெகாபஸ் டிக்கெட் கிடைத்த காலம் அது. எடின்பரோ போனோம், பிரைட்டன் கடலைப் பார்த்தோம். பொழியூர்க் கடலைப் பார்த்து வளர்ந்த அவருக்குக் கல் நிறைந்த அந்தக் கரை பிடிக்கவில்லை.

பேச்சைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1956 நவம்பர் 1 இல் திருவிதாங்கூரின் தென்கோடியிலிருந்து கல்குளம், விளவங்கோடு, தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோது, நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றுவிட்டது. பாறசாலை அதில்தான் இருக்கிறது. களியக்காவிளைச் சந்தைக்குப் போவது எங்களுக்கு மாநிலம் தாண்டுவது அல்ல, சாமான் வாங்குவது. வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம் என்று வளர்ந்தவர்கள் நாங்கள். அங்கே எங்களைப் 'பாண்டி' என்பார்கள்; நாகர்கோவில் தாண்டினால் 'மலையாளத்தான்' என்பார்கள். ஈஸ்ட்ஹாமிலும் வீட்டுக்காரர் முதல் ஒரு மாதம் எங்களை மலையாளிகள் என்றே நினைத்திருந்தார். ஆனால் தமிழ்க் கடையும் கேரளக் கடையும் அடுத்தடுத்து இருந்த அந்தத் தெருவில் இரண்டு பேச்சும் எங்களுக்குக் கைகொடுத்தன. அறை பிடித்தது தமிழில், வேலை பிடித்தது மலையாளத்தில். மரச்சீனி கிடைக்கும் கடையை யார் சொல்லியும் தெரிந்துகொள்ளவேண்டி இருக்கவில்லை.

சேர்ந்திருப்பதன் மதிப்பு எனக்கு முழுதாகத் தெரிந்தது 2005 ஜூலை 7 அன்று. சுரங்க ரயில்களிலும் ஒரு பஸ்ஸிலும் குண்டு வெடித்த நாள். நான் இரவு வேலை முடிந்து வந்து தூங்கிவிட்டேன். அவர் அன்று ஒரு காகித வேலையாகக் காலையிலேயே நகருக்குள் போயிருந்தார். பாறசாலையில் டி.வி. பார்த்த மாமியார் வீட்டுப் போனில் கூப்பிட்டுத்தான் எனக்கே செய்தி தெரியும். செல்போன் இணைப்பு கிடைக்கவில்லை. ரயில் முழுவதும் நிறுத்தப்பட்டிருந்தது. மாலை ஐந்தரைக்குக் கால் வீங்க நடந்தே வந்து சேர்ந்தார். கோட்டயத்துப் பெண்களில் ஒருத்தியின் கணவர் துபாயில் இருந்தார். அன்று முழுக்க அவர்களுக்குள் பேச முடியவில்லை. அவள் எங்கள் அறையில் வந்து உட்கார்ந்திருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

2005 பிப்ரவரியிலேயே விதி மறுபடி இறுகிவிட்டது: 24 மாதத்தில் 12 மாதம்தான் வேலை செய்யலாம் என்றார்கள். 2008 நவம்பரில் திட்டமே முடிந்தது. அதற்குப் பதிலாக வந்த இளைஞர் விசா தொடக்கத்தில் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா, ஜப்பான் ஆகிய நாடுகளுக்கு மட்டும்தான். இந்தியர்களுக்குக் கதவு மறுபடி திறந்தது 2023 இல், 'யங் புரொஃபஷனல்ஸ்' திட்டம் என்ற பெயரில்.

ஊர்ப் பிள்ளைகள் இப்போது நம்மிடம் போனில் விசாரிப்பது இதைத்தான். வயது 18 முதல் 30. ஆண்டுக்கு 3,000 இடம். பட்டப்படிப்பு வேண்டும், என் வீட்டுக்காரரின் ஐ.டி.ஐ. சான்றிதழ் இன்று செல்லாது. முதலில் குலுக்கலில் பெயர் வரவேண்டும். குலுக்கல் இதுவரை பெரும்பாலும் பிப்ரவரியிலும் ஜூலையிலும் நடந்திருக்கிறது. இரண்டு மூன்று நாள்தான் திறந்திருக்கும். அதில் பெயர் கொடுக்கக் கட்டணம் கிடையாது. பெயர் வந்தால் 90 நாளுக்குள் விண்ணப்பிக்கவேண்டும். கையில் 2,530 பவுண்டு 28 நாள் இருந்ததாகக் காட்டவேண்டும். மருத்துவக் கட்டணமாக ஆண்டுக்கு 776 வீதம் 1,552 பவுண்டை முன்பே கட்டவேண்டும். விசாக் கட்டணம் வேறு. எல்லாவற்றுக்கும் மேலாக, இந்த விசாவில் கணவனையோ மனைவியையோ சார்ந்தவராக அழைத்துவர முடியாது. அவரும் தனியே பெயர் கொடுத்து, தனியே தேர்வாகி, தனியே அவ்வளவு பணமும் காட்டவேண்டும். ஆஸ்திரேலியா 2024 இல் இந்தியர்களுக்குத் திறந்த 'ஒர்க் அண்ட் ஹாலிடே' விசாவும் இதே மாதிரிதான். இடம் 1,000, முதல் இரண்டு வாரத்திலேயே 40,000 பேர் பெயர் கொடுத்தார்கள். நாற்பதில் ஒருவருக்கு என்று வைத்துக்கொண்டால், கணவன் மனைவி இருவருக்கும் ஒரே தடவையில் விழுவது ஆயிரத்து அறுநூறில் ஒன்று.

இதைத்தான் ஏஜென்ட்டுகள் மறைக்கிறார்கள். எங்கள் உறவில் ஒரு பெண்ணுக்கு 2025 பிப்ரவரிக் குலுக்கலில் பெயர் வந்தது. கல்யாணமாகி ஐந்து மாதம். "நீ முன்னால போ மோளே, மூணு மாசத்துல பையனை டிபென்டென்டா அனுப்பிடலாம்" என்று ஒருவர் முன்பணம் கேட்டிருக்கிறார். அவள் என்னிடம் கேட்டாள். அப்படி ஒரு வழி இந்த விசாவில் இல்லை என்று சொன்னேன். பார்வையாளர் விசாவில் அவன் வந்து போகலாம். வேலை செய்ய முடியாது. பணம் கொடுக்காமல் தப்பினார்கள்.

பிறகு நாங்கள் யோசித்தது இது. 90 நாள் என்பது விண்ணப்பிப்பதற்கான கெடு. விமானம் ஏறுவதற்கான கெடு அல்ல. பயணத் தேதியை விண்ணப்பத்திலிருந்து ஆறு மாதம் வரை தள்ளி வைக்கலாம். ஆகவே மே மாதம் விண்ணப்பித்து அக்டோபர் தேதி கொடு, ஜூலைக் குலுக்கலில் அவனும் பெயர் போடட்டும் என்றேன். தம்பதியாக இருப்பவர்கள் முதலிலிருந்தே இருவரும் பெயர் கொடுப்பது நல்லது. ஒருவருக்கு மட்டும் விழுந்தால் என்ன செய்வது என்பதைப் பெயர் கொடுக்குமுன் வீட்டில் பேசி முடிவு செய்துகொள்வது அதைவிட நல்லது. விழுந்த பிறகு பேசினால் இரண்டு வீட்டுப் பெரியவர்களும் பேச்சில் வந்துவிடுவார்கள்.

ஜூலையில் அவன் பெயர் வரவில்லை. அவள் அக்டோபரில் தனியாக வந்தாள். லெஸ்டரில் ஒரு கிடங்கில் இரவு வேலை, ஒற்றை அறை. குளிர்காலத்தில் காலை ஆறு மணிக்கு அவள் வேலை முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது பாறசாலையில் பதினொன்றரை. கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து அவன் கூப்பிடுவான். பஸ் வரும்வரை பேசுவார்கள். அவனுக்கு 30 வயது நடக்கிறது. இன்னும் ஒரு குலுக்கலில்தான் பெயர் போட முடியும்.