குரலும் முகமும் பிரியாதிருந்த காலத்தின் நாயகன்

தமிழ்த் திரையுலகின் முதல் உச்ச நட்சத்திரம் எனப் பொதுவாக ஏற்கப்படும் எம்.கே.தியாகராஜ பாகவதர் 14 படங்களில் மட்டுமே நடித்தவர் என்பதும், அவற்றுள் பெருவெற்றி பெற்றவை ஏறத்தாழ பத்தாண்டுக் காலத்திற்குள் அடங்கிவிட்டன என்பதும், அவருடைய வசீகரத்தை நடிப்பாற்றலைக் கொண்டு மட்டும் விளக்கிவிட முடியாது என்பதை உணர்த்துகின்றன. அந்த வசீகரத்தின் வேர் மேடை நாடகத்தில் இருக்கிறது. ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில் கடைசி வரிசைக்கும் பாட்டு எட்ட வேண்டியிருந்ததால், நாடக நடிகர்கள் உயர்ந்த கட்டையில், அதாவது ஆதார சுருதியை மேலே நிறுத்திப் பாடிப் பழகினர். திருச்சி நாடக மேடைகளில் சிறுவனாகவே ஏறிய பாகவதர் அத்தகைய கணீர்க் குரலுடன்தான் 1934-இல் ‘பவளக்கொடி’ மூலம் திரைக்கு வந்தார்.

பாடலைத் தனியே பதிவுசெய்து, படப்பிடிப்பில் அதை ஒலிக்கவிட்டு நடிகரை வாயசைக்கச் செய்யும் பின்னணிப் பாடல் முறை அன்று தமிழில் வேரூன்றவில்லை. நடிகரே காமிராவின் முன் நின்று பாட, காட்சியும் ஒலியும் ஒருங்கே பதிவாயின. ஆகவே, பாடும்போது உடல் அதிகம் அசையவில்லை, முகம் பெரிதாகக் கோணவில்லை. இன்று அசைவற்ற நடிப்பாகத் தோன்றும் அது, தோள்வரை புரளும் ‘பாகவதர் கிராப்’பும் காதுக் கடுக்கனும் கூடிய அந்த முகத்திற்கு ஒரு தெய்வச் சிலையின் அமைதியைத் தந்தது. பாபநாசம் சிவனின் சாகித்தியமும் ஜி.ராமநாதனின் இசையமைப்பும் கர்நாடக ராகங்களைச் சபாவிலிருந்து டூரிங் டாக்கீசின் மணல் தரைக்குக் கொண்டுவந்தன. சங்கீதம் முறையாகக் கேட்டறியாத வண்டிக்காரரும் சாருகேசியை ராகத்தின் பெயர் தெரியாமலே முணுமுணுத்தார் என்றால் அது மிகையாகாது.

1944 தீபாவளியையொட்டி வெளியான ‘ஹரிதாஸ்’ சென்னை பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. படம் வெளியான சில வாரங்களிலேயே, லட்சுமிகாந்தன் என்ற பத்திரிகையாளரின் கொலை வழக்கில் பாகவதரும் நகைச்சுவை நடிகர் என்.எஸ்.கிருஷ்ணனும் கைதாயினர்; 1945-இல் ஆயுள் தண்டனையும் விதிக்கப்பட்டது. திரையில் குதிரைமேல் பாடிக்கொண்டு உல்லாசமாக வரும் அதே மனிதர் சிறையில் இருக்கிறார் என்பதை அறிந்தே மக்கள் சீட்டு வாங்கினர். நட்சத்திரத்தின் பிம்பம் அவருடைய உடலையும் பெயருக்கு நேர்ந்த களங்கத்தையும் விட்டு விலகித் தனித்து வாழத் தொடங்கிய தருணம் தமிழ்ச் சூழலில் இதுவே எனலாம்.

இலண்டன் பிரிவி கவுன்சில், அதாவது அக்காலத்து இறுதி மேல்முறையீட்டு மன்றம், தலையிட்டதன் பயனாக 1947-இல் அவர் விடுதலையானபோது, விந்தை என்னவென்றால், உயிரோடு திரும்பிய மனிதருக்கு அந்தப் பிம்பத்தின் வரவேற்பு வாய்க்கவில்லை. 1948-இன் ‘ராஜமுக்தி’ தோல்வியுற்றது. இதைச் சிறைவாசத்தின் விளைவு என்று மட்டும் கூறுவது பொருந்தாது. 1949-இன் ‘வேலைக்காரி’ போன்ற படங்கள் பாட்டின் இடத்தில் வசனத்தை அமர்த்தியதோடு, பின்னணிப் பாடகர்களின் வருகையால் பாடத் தெரிந்திருப்பது கதாநாயகனுக்குத் தேவையற்ற தகுதியாகவும் ஆகியிருந்தது. அவர் 1959-இல் மறைந்தார்.

ஆயினும் அவருடைய பாடும் பாணி இசைத்தட்டுகளில் நிலைத்தது. அதைப் பின்பற்றிப் பாடத் தொடங்கிய டி.எம்.சௌந்தரராஜன், பிற்காலத்தில் சிவாஜி கணேசனுக்கும், 1941-இல் பாகவதரின் ‘அசோக்குமார்’ படத்தில் துணைவேடம் ஏற்றிருந்த எம்.ஜி.ஆருக்கும் குரல் கொடுத்தார்.